பழைய கார் கியர்பொக்ஸ்: முன் நட் கழலவில்லை, அவசர உதவி

டிக்கோயா_தம்பி:
கியர்பொக்ஸை மேசையில் போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். முன் ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டது. அதில் பெயரிங்கைப் பிடித்திருக்கும் பெரிய நட் அசையவே மாட்டேன் என்கிறது. வைஸில் பிடித்து, ஸ்பேனருக்கு ஜி.ஐ. பைப் செருகி நெம்பியும் பார்த்தாச்சு. ஸ்பெஷல் டூல் எதுவும் கையில் இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பளை_கராஜ்:
என்ன கார் தம்பி? எந்த வருஷம்?

லிந்துலை_சாரதி:
எதுவாக இருந்தாலும் நெருப்புக் காட்டுங்கள். பழைய நட் எல்லாம் சூட்டுக்குத்தான் அசையும். நான் லொறியில் அப்படித்தான் எல்லாவற்றையும் கழற்றுவேன்.

பழைய_இரும்பு:
காரின் பெயரையே எழுதாமல் உதவி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வேர்க்‌ஷொப் மெனுவல் படிக்காதவர் கியர்பொக்ஸில் கை வைக்கவே கூடாது. லிந்துலைக்காரரே, பெயரிங் கூடவே இருக்கும்போது நெருப்புக் காட்டினால் அதன் கடினம் போய்விடும். பிறகு அது குப்பைதான்.

டிக்கோயா_தம்பி:
மொறிஸ் மைனர். வருஷம் சரியாகத் தெரியாது, தாத்தாவின் கார்.

கம்பளை_கராஜ்:
முன் கண்ணாடி ஒரே துண்டா, நடுவில் பிரிவு உள்ளதா? கியர்பொக்ஸ் கேஸ் வெளியே வழவழப்பா, வரி வரியாக மேடு உள்ளதா?

டிக்கோயா_தம்பி:
ஒரே துண்டு. வழவழப்பு.

பண்டாரவளை_பிட்டர்:
அப்படியென்றால் 1956க்குப் பிந்திய 948 சிசி. 1962இல் வந்த 1098க்குத்தான் வரி போட்ட கேஸ்.

தம்பி, பைப்பை எடுத்து வைத்துவிடுங்கள். அந்த நட்டுக்கு இடது மரை. நட் உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இவ்வளவு நேரமும் இறுக்கியிருக்கிறீர்கள். முதலில் பூட்டு வாஷரின் மடிப்பை மெல்லிய உளியால் முழுவதும் நிமிர்த்துங்கள்; கொஞ்சம் மடிந்திருந்தாலும் பிடித்துக்கொள்ளும். வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடு போடுங்கள், ஷாஃப்டில் கீறல் விழக்கூடாது.

மற்ற டூல்களுக்கும் சொல்கிறேன். லேஷாஃப்டை, அதாவது லேகியர் என்ற அடிப் பற்சக்கரத் தொகுதியைத் தாங்கும் கம்பியை, எப்படி வெளியே எடுத்தீர்கள்? சும்மா தட்டி எடுத்திருந்தால் லேகியருக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் கேஸ் முழுக்கச் சிதறியிருக்கும். திருப்பி மாட்டும்போது டம்மி ஷாஃப்ட் என்ற தற்காலிகக் கம்பி இல்லாமல் முடியாது. தோட்டத்து பெக்டரியில் லேத் இருந்தால் ஒரு மைல்ட் ஸ்டீல் கம்பியை லேஷாஃப்டை விட ஒரு மயிரிழை சன்னமாகக் கடைந்து வாங்குங்கள். நீளம் லேகியரின் நீளம்தான், இரண்டு பக்கத் திரஸ்ட் வாஷரையும் சேர்க்கக் கூடாது. ரோலர்களைக் கிரீஸில் ஒட்டி, டம்மியை உள்ளே விட்டு, லேகியரைக் கேஸின் அடியில் படுக்க வைத்துவிடலாம். அப்புறம் உண்மையான ஷாஃப்டைத் தள்ளினால் டம்மி தானாக மறுபக்கம் வரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் அது.

சின்க்ரோ ஹப்பை, அதாவது கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் பகுதியை, பிரிக்கும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்கும் குண்டும் பறந்துவிடும். திருப்பிப் போட, ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் ஒன்றை மாட்டிக் குண்டுகளை அமுக்கிக்கொண்டே ஸ்லீவைத் தள்ளலாம்.

லிந்துலை_சாரதி:
இவ்வளவு பாடுபட்டு மாட்டிவிட்டு, தொண்ணூறாம் நம்பர் கியர் ஒயில் ஊற்ற மறக்காதீர்கள். மலையில் சத்தமே வராது.

பழைய_இரும்பு:
இதைத்தான் பயந்தேன். மைனரின் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில், முப்பதாம் நம்பர். தொண்ணூறு பின் அக்சிலுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊருக்கு உபதேசம்.

லிந்துலை_சாரதி:
ரம்பொடை வளைவுகளில் ஏற்றிப் பாருங்கள் ஐயா. தண்ணீர் மாதிரி ஒயில் என்ன பாதுகாப்புத் தரும்? எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான்.

கம்பளை_கராஜ்:
அண்ணே, நுவரெலியாவில் காலைக் குளிரில் தொண்ணூறு கெட்டியாகிவிடும். சின்க்ரோ வளையம் ஒயில் படலத்தை வெட்டிக்கொண்டு கூம்பைப் பிடிக்க வேண்டும். கெட்டி ஒயிலில் அது வழுக்கும், செக்கண்ட் கியர் கரகரக்கும். வளைவில் கியர் உடைவது ஒயிலால் அல்ல. மைனரின் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி ஓடும்போதே டபுள் கிளச் அடிக்காமல், அதாவது நடுவே நியூட்ரலில் கிளச்சை விட்டு மறுபடி மிதிக்காமல், முதலுக்குத் தள்ளுகிறார்கள், பல்லின் ஓரம் பறக்கிறது.

லிந்துலை_சாரதி:
டபுள் கிளச் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சத்தத்துக்குத்தான் தொண்ணூறு என்றேன்.

பண்டாரவளை_பிட்டர்:
சத்தம் கேட்டால் பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கெட்டி ஒயிலால் மறைக்கக்கூடாது. ஜிஎல் 5 வகைக் கியர் ஒயில் என்றால் அதன் சேர்மானம் சின்க்ரோவின் வெண்கல வளையங்களையும் அரிக்கக்கூடும். தம்பி, நட் என்னாயிற்று?

டிக்கோயா_தம்பி:
கழன்றது. நன்றி அண்ணே. ரோலர்கள் ட்ரேயில் இருக்கின்றன. நாளை பெக்டரிக்குப் போகிறேன்.

பண்டாரவளை_பிட்டர்:
போகும்போது பழைய லேஷாஃப்டையும் கொண்டுபோங்கள். ரோலர் ஓடிய இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அதைத் திருப்பிப் போட வேண்டாம், கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். தட்டுப்படுகிறதா?

லிந்துலை_சாரதி:
பஞ்சிகாவத்தையில் தொண்ணூறும் விற்கிறார்கள்.