பெட்டிமுடியில் பிழைத்தவர்களுக்கு புரொப்ரனலால் கொடுக்கலாமா?

மூணாறு மருந்தாளர்:
2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து, தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. தகரத்தில் மழை விழுந்தாலே உடம்பு நடுங்குறவங்களுக்கு ஆறுதல் மட்டும் போதாது. பயத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள், மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவைத் தூண்டி, நினைவை ஆழமாகப் பதிக்குது. அதைத் திரும்பக் கிளறினால் பதிவு சில மணி நேரம் இளகும். மறுபடி இறுக, புதுப் புரதம் உருவாகணும். 2000-இல் நாடெர், லெடூ குழு எலிகளில் இதைக் காட்டினாங்க: ஷாக்கோடு பழக்கிய ஒலியை ஒருமுறை கேட்கவைத்து உடனே, புரதம் உருவாவதைத் தடுக்கும் அனிசோமைசின் மருந்தைச் செலுத்தினால் பயம் போச்சு, 6 மணி நேரம் தாமதித்தால் போகலை. மனிதருக்கு அந்த மருந்து ஆகாது. நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரொப்ரனலால் மாத்திரையை 40 மி.கி., நினைவைக் கிளறுவதற்கு 90 நிமிடம் முன்னாடி கொடுத்துப் பார்க்கலாமே?

தேவிகுளம் செவிலி:
அண்ணே, ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரை மூச்சுக்குழாயையே இறுக்கிவிடும். இன்சுலின் போடுறவங்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் அடையாளமா மிஞ்சும். மழை வருதேன்னு வீட்டில் தானா போட்டுக்கிட்டால் இதயத் துடிப்புதான் குறையும், பழைய பதிவு இளகாது. அதோட, பல வருஷம் ஊறின பலமான நினைவு லேசில் இளகுவதும் இல்லை.

மூணாறு மருந்தாளர்:
2009-இல் மெரல் கிண்ட் குழு மனிதர்களுக்குச் சிலந்திப் படத்தோடு ஷாக் கொடுத்துப் பழக்கினாங்க. மறுநாள் மாத்திரை கொடுத்து நினைவூட்டினாங்க. அதற்கு அடுத்த நாள் திடுக்கிடல் காணாமல் போச்சு. "இந்தப் படம் வந்தால் ஷாக் வரும்" என்ற அறிவு அப்படியே இருந்தது. செத்தவங்களை யாரும் மறக்கப்போறதில்லை, நடுக்கம்தான் விலகும். 2018-இல் ப்ரூனே குழு பேரதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட உண்மையான நோயாளிகளுக்கே, வாரம் ஒருமுறை, 6 வாரம் வரை மாத்திரை கொடுத்து, நடந்ததை எழுதி வாசிக்கவைத்துப் பலன் கண்டாங்க.

தேவிகுளம் செவிலி:
ப்ரூனே குழுவில் 60 பேர்தான். கிண்ட் சோதனையின் பலன் வேறு ஆய்வகங்களில் எல்லா முறையும் வரலை. ஆய்வகத்து ஷாக்கும் பிள்ளையை மண்ணில் பறிகொடுத்ததும் ஒன்றில்லை.

பூப்பாறை வாசகர்:
இடையில் ஒன்று. பேரிடர் நடந்த முதல் மாதத்தில் தூக்கத்துக்குன்னு டயசிபாம் வகை கொடுக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லியிருக்கு. பயம் அடங்கக் கற்றுக்கொள்வதும் மூளைக்கு ஒரு புதுப் பாடம்தான்; அந்த மருந்து அதையும் மந்தமாக்கும். நம்ம பக்கம் இன்னும் கேட்டு வாங்கிப் போடுறாங்க.

தேவிகுளம் செவிலி:
அது சரிங்க. அண்ணே, உங்க முறைக்கு வரேன். நடந்ததை அவங்க தமிழில்தான் சொல்லுவாங்க. அதை மலையாளத்தில் எழுதி வாசித்தால் எந்த நினைவு கிளறும்? மனநல மருத்துவர் பக்கத்தில் இருந்து, தமிழில் கேட்டு, ஈசிஜியும் மூச்சுத்திறனும் பார்த்த பிறகு தொடங்கினால் எதிர்க்க மாட்டேன். மெடிக்கலில் ஸ்ட்ரிப் கிழித்துக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.