மறு: டெல்லூரிக் வரிகள் – 'மண்வரி' வேண்டாமே

அண்ணாச்சிக்கு வணக்கம். 'டெல்லூரிக்' வரிகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியது:

> வேர்ச்சொல் மண்ணைக் குறிக்கிறது. 'மண்வரி' என்றே வைத்துவிடலாம்.

வேர் சரிதான். ஆனால் விண்மீனின் நிறமாலையில் தெரியும் அந்த இருண்ட வரிகளில் மண் எங்கே இருக்கிறது? விண்மீன் ஒளி கடைசியில் நம் காற்றுக்குள் நுழையும்போது நீராவியும் கரியமில வாயுவும் மீத்தேனும் விழுங்கியதன் தடம் அது. அண்மை அகச்சிவப்பில், அதாவது ஏறக்குறைய 1 முதல் 2.5 மைக்ரான் வரை, நீராவியின் அட்டகாசம் அதிகம். 1.4, 1.9 மைக்ரான் பக்கம் தரையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் இருட்டுதான். குற்றாலத்தில் சாரல் காலத்தில் முகத்தில் படுகிற அந்த ஈரம்தான் வில்லன். லடாக்கின் ஹான்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்ததற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். ஆகவே 'வளிவரி' என்கிறேன்.

அம்பாசமுத்திரம் நண்பர் இதற்கே சொன்ன 'நிலைவரி'க்கும் (அசையாத வரி) நியாயம் உண்டு. பூமி சூரியனை வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுவதால், நிறமாலையை மாதங்கள் விட்டு எடுத்தால் விண்மீனின் வரிகள் இடம் மாறியிருக்கும். காற்றின் வரிகள் அசையா. பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 45,000 உள்ள இக்ரின்ஸ் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் வினாடிக்கு 7 கி.மீ. வேறுபாடே பிரிந்து தெரியும். ஆனால் 1904இல் ஹார்ட்மான் என்ற வானியலாளர், மின்டாகா இரட்டை விண்மீனில் மற்ற வரிகள் முன்னும் பின்னும் அலைய, அசையாத கால்சியம் வரி ஒன்றைக் கண்டார். அது விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் வாயுவின் வரி. 'நிலைவரி' அதற்குத்தான் பொருந்தும், விட்டுவிடுவோம்.

– கடையத்திலிருந்து

*

தம்பி, மண்வரி என்றால் தாலுகா ஆபீஸ் நினைவு வரும், ஒப்புக்கொள்கிறேன். காற்றுக்கு வரி போட்டால் மட்டும் சனம் சும்மா விடுமா? அது கிடக்கட்டும். ராத்திரி மேல்வளியில் ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறு தானாகவே ஒளி விடுகிறதே, அண்மை அகச்சிவப்பின் எச் பட்டை (1.6 மைக்ரான் பக்கம்) முழுக்க? அதுவும் காற்றில் பிறந்த வரிதானே? எப்படிப் பிரிப்பீர்?

– பாளையங்கோட்டையிலிருந்து

*

அண்ணாச்சி, பாடநூலில் ஏற்கெனவே ஒளியை விழுங்குவதற்கு உட்கவர், ஒளி விடுவதற்கு வெளிவிடு என்று இருக்கிறதே. 'உட்கவர் வளிவரி', 'வெளிவிடு வளிவரி' போதும். இரண்டையும் நீக்கும் விதமே வேறு. முன்னதற்கு, அருகில் ஓர் ஏ0 வகை (சூடான வெண்ணிற) விண்மீனின் நிறமாலையை எடுத்து அதனால் வகுக்கிறார்கள். ஹைட்ரஜன் வரிகளைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இராது. பின்னதற்கு, பக்கத்து வெறும் வானத்தின் நிறமாலையை எடுத்துக் கழிக்கிறார்கள். நம் சொல் அட்டவணையில் தனித்தனியாகவே ஏற்றிவிடட்டுமா?