சிறு உணவகங்களுக்குச் சமையற்காரர்: மனுவுக்கு உங்கள் விவரம் தேவை

வணக்கம். சிங்கப்பூரில் சிறிய இந்திய உணவகம் நடத்துகிறவர்களிடம் ஓர் உதவி.

2023 செப்டம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வேலை அனுமதியில் எடுக்க நமக்கு வழி திறந்தது. மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையில் எனக்கு முழு உடன்பாடு. அடுப்படியில் வேகிறவருக்கு அது நியாயம். இடிப்பது, இப்படி எடுக்கப்படுகிறவர்கள் கடையின் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்புதான். 25 பேர் வேலை செய்யும் கடைக்கு 2 பேர் கிடைப்பார்கள். பத்துப் பேர் உள்ள கடையின் கணக்கு ஒருவரைக்கூடத் தொடுவதில்லை.

எங்கள் கடையில் மாவு பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறவைத்து, வீசிச் சுட்டு அடுக்குவதெல்லாம் ஒரே மாஸ்டர். அவர் காய்ச்சலில் படுத்தால் அன்று பரோட்டா கிடையாது.

2025 ஜூலையில் வேலை அனுமதிக்கான வயது வரம்பு 63 ஆனது. பணிக்கால உச்சவரம்பும் நீங்கியது. நல்ல மாற்றங்கள். அதுபோல, எவ்வளவு சிறிய கடையானாலும் ஒரு சமையற்காரரையாவது அனுமதிக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சுக்கு மனு தயாரிக்கிறேன்.

உங்கள் கடையில் மொத்தம் எத்தனை ஊழியர்கள், சமையலில் எத்தனை பேர், உள்ளூரில் எப்படி ஆள் தேடினீர்கள், எவ்வளவு சம்பளம் சொன்னீர்கள் என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கடைப்பெயரை வெளியிட மாட்டேன். ஊழியர் தம் ஊரில் முகவருக்குக் கட்டிய தொகையை, அவர் சம்மதித்தால், சேர்த்து எழுதுங்கள். கடனோடு வந்து இறங்குகிறவரின் நிலையும் மனுவில் இடம்பெற வேண்டும். ஆங்கிலத்தில் மனுவைச் செப்பனிடத் தெரிந்தவர் யாரேனும் உண்டா?