பிடிஎஸ் முதல் 7 பாட்டு: என் பட்டியலில் 'டைனமைட்' கிடையாது, திட்டுகிறவர்கள் திட்டலாம்

காசிமேட்டு ஆர்மி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் 13 அன்று எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடியில் ஒன்பது பேர் கூடுகிறோம். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒரு பெட்டியை அரை மணி நேரத்துக்குக் காசு வாங்காமல் தருகிறேன் என்றிருக்கிறார். எட்டு மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் மஞ்சள் நீராட்டு விழா. அதனால் ஏழரைக்குப் பெட்டி கீழே இறங்கிவிட வேண்டும். பாட்டுக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் ஏழு பாட்டு. பிடிஎஸ் என்ற தென்கொரியப் பாட்டுக் குழுவில் ஏழு பேர். ஏழு பேருக்கு ஏழு பாட்டு, கணக்கு என்னவோ பொருத்தம்தான். ஆனால் எந்த ஏழு என்று மூன்று நாளாக வாட்சப் குரூப்பில் ஒரே சண்டை. என் தங்கை குரூப்பை விட்டே வெளியேறிவிட்டாள். (அவள் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள்.)

புதியவர்களுக்கு: ஆர்மி என்றால் பிடிஎஸ் ரசிகர்கள். 2013 ஜூன் 13-ல்தான் பிடிஎஸ் அறிமுகமானது. எங்கள் ராயபுரம் பின்கோடு 600013, அதிலும் கடைசியில் 13. சும்மா சொல்லிவைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மற்ற நாளில் அவர் எப்போது கடலில், எப்போது கரையில் என்று சொல்லவே முடியாது. ஜூன் 13 மட்டும் நிச்சயம் ஊரில் இருப்பார். படகுக்கு அடித்த பெயிண்ட் கையில் காய்ந்திருக்காது, வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் அந்தத் தேதி யாருக்கும் மறக்காது.

சரி, என் வரிசை.

முதலிடம் 'மா சிட்டி'. 2015 நவம்பரில் வந்த ஆல்பத்தில் உள்ள பாட்டு. வீடியோ கிடையாது. அவரவர் ஊரைப் பற்றி அவரவர் பாடுகிறார்கள், அவ்வளவுதான். குழுத் தலைவர் ஆர்எம் தன் ஊரான இல்சானைப் பற்றிச் சொல்லும்போது சின்ன வயதில் படித்த டியூஷன் தெருவைக்கூட விடவில்லை. சியோலின் பெரிய ஹான் நதியைவிட எங்கள் ஊர் ஏரிப் பூங்காதான் எனக்குப் பிடிக்கும், சின்னதானாலும் அணைத்துக்கொள்ளும் என்கிறார். தேகுவில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவனுக்கு, நான் அங்கே பிறந்ததே அந்த ஊருக்குப் பெருமை என்று சுகா பதில் கொடுக்கிறார். ஜே-ஹோப் க்வாங்ஜுக்காரர். அவர் பகுதியில் 062-518 என்று ஒரு எண் வரும். முதலில் கேட்டபோது யாருக்கோ போன் நம்பர் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். 062 அந்த ஊரின் தொலைபேசிக் குறியீடு, நமக்கு 044 மாதிரி. 518 என்பது மே 18. 1980-ல் அந்த ஊர் மக்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய நாள். ராணுவம் சுட்டது. செத்தவர்களுக்கே கலகக்காரர்கள் என்ற பேரையும் கட்டி, ஊரையே பல வருஷம் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்கள். இது எல்லாம் முடிந்து பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த பையன், ஆட வைக்கிற பாட்டுக்கு நடுவில் அந்தத் தேதியைச் செருகி வைக்கிறான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்கிறது என்றால், இரண்டு வருஷம் முன்னால் ஓர் அலுவலகத்தில் நேர்காணல். நுங்கம்பாக்கம் பக்கம். எல்லாம் நன்றாகத்தான் போனது. வீடு எங்கே என்று கேட்டார்கள், காசிமேடு என்றேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "அந்த ஏரியாவா, பாத்தா தெரியலையே" என்றார். பாராட்டுகிறாராம். வாசலில் வந்து செருப்பு மாட்டும்போதுதான் எனக்குப் பதில் வாயில் வந்தது. இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறேன். எங்கள் ஏரியாவிலேயேதான், நடந்து போகிற தூரம்.

இரண்டாவது 'ஐடல்', 2018. இதற்குக் காரணம் என் மாமா. கல்யாணம், சாவு எதுவானாலும் கானா கச்சேரிக்கு டோலக் வாசிக்கப் போகிறவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தங்கை போனில் இது ஓடியது. நடுவில் 'தொங் கிடொக் குங் தொரொரொ' என்று ஒரு இடம் வருமே, அங்கே மாமாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. "ஏய், இன்னொரு வாட்டி வை" என்றார். வைத்தோம். "இது சொல்லுக்கட்டுடி. வாயால வாசிக்கிறானுங்க" என்றார். அப்புறம் தேடிப் பார்த்தால் உண்மை. ஜங்கு என்ற அவர்கள் ஊர் இருபக்கத் தோல் மேளத்துக்குச் சொல்லும் சொல்தான் அது, நாம் மிருதங்கத்துக்கு வாயால் சொல்வது மாதிரி. மாமா இடது கையால் தண்ணீர் கேனைத் தன் பக்கம் இழுத்து அதில் தட்டிப் பார்த்தார். முதல் தடவை எண்ணிக்கை தப்பியது. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. குழம்பு ஆறிவிட்டது என்று அத்தை திட்டினாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷமும் ஒரு சப்டைட்டிலும் தேவைப்பட்டது. மாமாவுக்கு எட்டு விநாடி.

மூன்றாவது 'பேப்சே'. நான்காவது 'ஸ்பிரிங் டே'. இது நான்காவதா என்று அடிக்க வருவீர்கள். போன வருஷம் இதைப் போட்டபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் ஒன்பது பேரும் மீதிப் பாட்டை வாயாலேயே பாடி முடித்தோம். கரண்ட் வந்தபோது மேல்வீட்டு அக்காவின் மை கன்னம் வரை வழிந்திருந்தது. அதைவிட நல்லதாக இந்தத் தடவை நடக்கப்போவதில்லை, அதனால்தான் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

'டைனமைட்' ஏன் இல்லை? 2020 ஆகஸ்டில், ஊரடங்கில், அம்மா போனில் அதைப் பார்த்துத்தான் நான் இவர்களுக்குள்ளேயே வந்தேன். முழுக்க ஆங்கிலப் பாட்டு, பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம். அடுத்த வருஷம் 'பட்டர்' அதே இடத்தில் பத்து வாரம் உட்கார்ந்தது. எல்லாம் சரி. ஆனால் அதில் ஊர் இல்லை. எங்கேயும் பிறந்தவர் பாடியிருக்கலாம்.

ஐந்து, ஆறு, ஏழு காலி. சொல்லுங்கள்.

வியாசர்பாடி ஸ்டெப்ஸ்:

அக்கா, உங்கள் வரிசையில் ஆடுகிறவனுக்கு ஒரு மரியாதையும் இல்லை. 'மா சிட்டி'யைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது பேர் மாடியில் நின்று என்ன செய்வீர்கள், பின்கோடு சொல்வீர்களா?

'டோப்' வையுங்கள். 2015 ஜூனில் வீடியோ வந்தது. நாங்கள் ஆறு பேர் ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஒரு கேரம் கிளப் வராண்டாவில் பழகுகிறோம். சிமெண்ட் தரை, ஷூ வழுக்காது. போர்டுக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் எடுத்துத் தரையில் தூவி அதில்தான் சறுக்கிப் பழகினோம். கிளப் பெரியவர் முதல் மாதம் திட்டினார், இப்போது பவுடர் டப்பாவை அவரே ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பாட்டில் ஏழு பேரும் ஒரே ஆள் மாதிரி இருப்பார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எங்களில் ஒருவன் எப்போதும் அரை எண்ணிக்கை பின்னால். அது நான்தான் என்று மற்ற ஐந்து பேரும் சொல்கிறார்கள்.

ஜே-ஹோப் பிடிஎஸ்ஸுக்கு வருமுன் க்வாங்ஜுவில் தெரு டான்ஸ் குழுவில் ஆடியவர். ஜிமின் புசானில் கலைப்பள்ளியில் நவீன நடனம் படித்தவர். இரண்டு பேர் உடம்பும் இரண்டு விதம். ஒரே ஸ்டெப்பில் ஒருவர் வெட்டுவார், ஒருவர் வழிவார். அதைப் பார்க்க 'மைக் டிராப்' போதும். ஸ்டீவ் ஆவோகி கைவைத்த ரீமிக்ஸ்தான் பெட்டியில் போட நல்லது, பேஸ் இறங்கும்.

'ஃபயர்' மட்டும் வேண்டாம். எனக்கு உயிர்தான். ஆனால் கடைசியில் ஒன்பது பேரும் குதிப்பீர்கள், பழைய மாடி, பக்கத்தில் சின்டெக்ஸ் டேங்க். யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் 57:

'ஸ்பிரிங் டே'வை நான்காவதாகப் போட்டதற்கு அடிக்க மாட்டேன். என் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2017 ஜனவரி 28-ல் எங்கள் பக்கம் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது ஞாபகம் இருக்கும். கரையெல்லாம் தார் மாதிரி. வாளி கொண்டு அள்ளினார்கள், நானும் போனேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, ரிவிஷன் தேர்வு நேரம். கையில் ஒட்டியது மண்ணெண்ணெய் போட்டால்தான் போகும், அப்புறம் மண்ணெண்ணெய் வாடை போகாது. அந்த வாடையோடே தேர்வு எழுதினேன். 'ஸ்பிரிங் டே' வந்தது அதே 2017 பிப்ரவரி 13. எனக்கு அது அப்போது தெரியாது. ஐந்து வருஷம் கழித்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் கத்திவாக்கம் தாண்டும்போது ஒரு நண்பன் ஒரு காது ஹெட்செட்டை என்னிடம் கொடுத்தான். தேதியைப் பார்த்ததும் கையை மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

பாட்டில் வருவது பனி, குளிர்காலம், பார்க்க முடியாத ஒருவருக்காகக் காத்திருப்பது. 2014-ல் சேவோல் கப்பல் மூழ்கி 300-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். ரசிகர்கள் பலர் அதோடு சேர்த்துத்தான் இந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். வீடியோவில் மலை மாதிரிக் குவிந்த துணிகளைப் பார்த்தால் வேறு ஏதும் தோன்றாது. கடலோரத்துக்காரர்களுக்குப் பனி எதற்கு, அந்தத் துணிக்குவியல் போதும்.

ஐந்தாவதுக்கு 'மைக்ரோகாஸ்மோஸ்' சொல்கிறேன். 2019. எழுநூறு கோடி விளக்கு, ஆளுக்கு ஒன்று என்று வரும். உங்கள் மாடியிலிருந்து நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் விளக்குகள் தெரியும் அல்லவா? ஏழு மணிக்கு மேல் போடுங்கள், சீக்கிரம் போட்டால் வீண்.

பெரம்பூர் அப்பா:

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அவள் ஒட்டிய படம் இன்னும் பீரோ கதவில் இருக்கிறது, ஏழு பேரும் தினமும் நான் சட்டை எடுப்பதைப் பார்க்கிறார்கள். பேர் எல்லாம் தெரியும். வி யார், ஜங்குக் யார் என்பதில் மட்டும் சில சமயம் தடுமாறுவேன்.

'பேப்சே'யை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே அம்மா, அது நியாயமில்லை. பேப்சே என்பது குட்டைக் கால் குருவி. கொக்கு மாதிரி நடக்கப் பார்த்தால் கால் கிழிந்துவிடும் என்று அங்கே பழமொழி. மகள் சொன்னதும் எனக்கு ஔவையாரின் மூதுரை வந்தது, கான மயில் ஆடக் கண்டிருந்த வான்கோழி. ஆனால் நம் பாட்டில் சிரிப்பு வான்கோழியைப் பார்த்து. கல்லாதவன் கவி பாடினால் அப்படித்தான் இருக்கும் என்று பாட்டி சொல்லிவிட்டாள். இந்தப் பையன்கள் குருவி பக்கம் நின்றுகொண்டு, நீ நீளக் கால் வாங்கி வந்தவன், என்னை ஏன் ஓடச் சொல்கிறாய் என்று கொக்கைக் கேட்கிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த காலத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. நாற்பது வருஷம் கழித்து, அதுவும் கொரிய மொழியில் வந்து கேட்கிறது.

இன்னொன்று. 2013-லேயே 'பல்தோகாங்சான்' என்று ஒன்று பாடியிருக்கிறார்கள். அவரவர் வட்டார வழக்கிலேயே ஒருவரை ஒருவர் சீண்டும் பாட்டு. ஊரைப் பற்றித்தான் வரிசை என்றால் அதை விட்டது எப்படி? மகளோடு பேசும்போது நான் "இன்னாம்மா" என்றால் மாப்பிள்ளை வீட்டில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

காசிமேட்டு ஆர்மி:

அங்கிள், 'பல்தோகாங்சான்' எனக்குத் தோன்றவே இல்லை. தங்கையிடம் சொன்னேன், குரூப்பில் மறுபடி சேர்ந்துவிட்டாள்.

இப்போதைக்கு வரிசை இப்படி: 'ஐடல்', 'பல்தோகாங்சான்', 'டோப்', 'பேப்சே', 'மா சிட்டி', 'ஸ்பிரிங் டே', 'மைக்ரோகாஸ்மோஸ்'. இது தர வரிசை இல்லை, போடுகிற வரிசை. தரத்தில் 'மா சிட்டி'தான் முதல், அதில் பேச்சே இல்லை. எண்ணூர் அண்ணா, நங்கூரக் கப்பல் தெரியும், நேற்று ஏறிப் பார்த்தேன், ஏழு எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன், ஏழுதான். 13-ம் தேதிக்குள் ஒன்று உள்ளே போனாலும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வியாசர்பாடி தம்பி, 'மைக் டிராப்' மன்னித்துவிடு. ஆறு பேரும் ஆறரைக்கு வந்துவிடுங்கள், பெட்டியை மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். பவுடர் கொண்டுவர வேண்டாம், அம்மா வடகம் காயப் போடுகிற மாடி.

'ஐடல்' முதலில் வந்ததற்குக் காரணம் அப்பா. அன்று சாயங்காலம் வலை ஏற்றப் போகணும், ஒரு பாட்டுதான் நிற்பேன் என்றார். எது வேண்டும் என்று கேட்டேன். "அந்தத் தண்ணி கேன் பாட்டு" என்றார்.