அநீதியிலிருந்து விடுவிப்பது: சுவிசேஷமா, சுவிசேஷத்தின் கனியா?

உப்பும் ஒளியும்:
நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்தது ஏசாயா 61 என்றுதான் பிரசங்கத்தில் கேட்கிறோம். ஆனால் லூக்கா 4:18-இல் உள்ள "நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்" என்ற வரி ஏசாயா 58:6-இலிருந்து வருவது. அந்த அதிகாரமோ உபவாசத்தைப் பற்றியது. நுகத்தடியை அவிழ்க்காதவன் உபவாசம் இருந்து என்ன பயன் என்று கர்த்தர் கேட்கிறார். அதனால் விடுவிப்பது ஊழியத்தோடு ஒட்டவைத்த சமூக சேவை இல்லை, ஆராதனையே அதுதான்.

குறுகிய வாசல்:
பிரதர், அதே லூக்காவில் 7:22-ஐயும் படியுங்கள். சிறையில் கிடக்கிற யோவான்ஸ்நானன், வருகிறவர் நீர்தானா என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார். குருடர், சப்பாணிகள், குஷ்டரோகிகள், செவிடர், மரித்தோர், தரித்திரர் என்று பதில் போகிறது. 4:18-இல் சொன்ன சிறைப்பட்டவர்கள் மட்டும் அதில் இல்லை! ஏரோதின் சிறைக்கதவை இயேசு தொடவே இல்லை. ராஜாவாக்க வந்தவர்களிடமிருந்தும் விலகி மலைக்குப் போய்விட்டார் (யோவான் 6:15).

மனம் மாறாமல் விடுதலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எரேமியா 34 போதும். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டதும் யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பிரபுக்கள் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்து, உடன்படிக்கை செய்து அடிமைகளை அனுப்பினார்கள். சேனை சற்று விலகியதும் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

உப்பும் ஒளியும்:
எரேமியா 34-ஐ நீங்களே எடுத்தது நல்லது. அங்கே ஆட்களை விட்டார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வரியும் கிடையாது. உபாகமம் 15:13-14 கேட்பது வேறு: வெறுங்கையாய் அனுப்பாதே, உன் ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாய்க் கொடு. விடுதலையானவனுக்கு அடுத்த விளைச்சல்வரை சாப்பாடு இல்லையென்றால் பழைய எஜமான் வாசலில்தான் நிற்பான்.

நெகேமியா 5 அதைச் சரியாகச் செய்கிறது. கடனில் நிலத்தை இழந்த ஏழைகளின் முறையீட்டை, யூதாவின் அதிபதியான நெகேமியா முழுசாகக் கேட்கிறார். பிரபுக்களைச் சபை கூட்டிக் கண்டிக்கிறார். நானும் என் ஆட்களும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று ஒத்துக்கொள்கிறார். நிலம், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு எல்லாவற்றையும், நூற்றுக்கொன்று வாங்கிய வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். ஆசாரியர்களை அழைத்து ஆணையிட வைக்கிறார். போதாததற்கு, 12 வருஷம் அதிபதிக்குரிய படியை அவர் வாங்கவில்லை. "இன்றைக்கே" என்பதுதான் இதில் முக்கியம். தவணை கொடுத்திருந்தால் எரேமியா 34 திரும்ப நடந்திருக்கும்.

மூன்றாம் மணி:
இதே தவறுதான் 1833 பிரிட்டிஷ் அடிமை ஒழிப்புச் சட்டத்திலும். 2 கோடி பவுண்டு நஷ்டஈடு எஜமான்களுக்கு. விடுதலையானவர்களுக்குக் காலணா இல்லை. "பயிற்சி" என்ற பெயரில் வாரத்துக்கு 45 மணிநேரம்வரை கூலியில்லா வேலை. எதிர்ப்பு வலுத்து 1838-இல்தான் அது ஒழிந்தது.

குறுகிய வாசல்:
அந்த நஷ்டஈட்டில் பங்கு வாங்கியவர்களில் சபையும் உண்டே! பார்படாசில் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டத்தை அடிமைகளோடு வைத்திருந்தது இங்கிலாந்துத் திருச்சபையின் சுவிசேஷ சங்கம். இதே வேதத்தைத்தான் அவர்களும் படித்தார்கள். இருதயம் மாறாதவன் கையில் நெகேமியாவின் பட்டியல் என்ன செய்யும்? பவுல் எங்கேயும் இயக்கம் தொடங்கவில்லை. அடிமையான ஒநேசிமுவை அவன் எஜமான் பிலேமோனிடமே கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்.

உப்பும் ஒளியும்:
எப்படி அனுப்பினார் என்று பாருங்கள். பிலேமோனுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் வசனம் 16: இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக. 18: கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை. 19: என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நானே தீர்ப்பேன். 22: எனக்குத் தங்க இடம் ஆயத்தம்பண்ணு. அதாவது, வந்து பார்ப்பேன். கடிதமும் பிலேமோனுக்கு மட்டும் போகவில்லை, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே போகிறது. எல்லார் காதிலும் விழுந்த பிறகு அவரால் சத்தமில்லாமல் மறுக்க முடியுமா?

குறுகிய வாசல்:
22-ஆம் வசனத்தை அப்படி வாசிப்பது உங்கள் ஊகம். "அவனை விடுதலை செய்" என்ற கட்டளை அந்த 25 வசனத்தில் எங்கே என்று காட்டுங்கள். கட்டளையிட எனக்குத் துணிவுண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்றல்லவா 8, 9-இல் பவுலே எழுதுகிறார். என் கட்சியும் அதுதான்.