கலிஃபோர்னியா கடன் பத்திரக் கணக்கு: விவரம் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போடுகிற நம்ம பெரியவர்கள் சிலருக்காக, வாக்குச்சீட்டில் வரும் ப்ரொபசிஷன்களைப் (மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற முன்மொழிவுகள், சுருக்கமாக 'ப்ரொப்') பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதால், 1941 முதல் மாநிலச் சட்டமன்றத்துக்காகக் கட்சி சார்பில்லாமல் வரவு செலவை அலசுகிற எல்.ஏ.ஓ.வின் (சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம்) கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன், வாக்காளர் கையேட்டில் வருவதும் அதுதானே.

சிக்கல் இதுதான். 2024 நவம்பரில் ப்ரொப் 2 பள்ளிக் கட்டடங்களுக்கு, ப்ரொப் 4 தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலை வேலைகளுக்கு. இரண்டுமே 1,000 கோடி டாலர் கடன் பத்திரம். ஆனால் கடனை அடைக்க முன்னதற்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி வீதம் 35 ஆண்டு, பின்னதற்கு 40 கோடி வீதம் 40 ஆண்டு என்று போட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 1,750 கோடி, 1,600 கோடி. அதிக வருஷம் கட்டுகிற கடன் எப்படிக் குறைவாக முடிகிறது? முழு எண்ணாக்கியதில் வந்த வித்தியாசமா, இல்லை பத்திரங்களைத் தவணை தவணையாக விற்பதாலா?

அப்புறம், பணவீக்கத்தைக் கழித்து இன்றைய மதிப்பில் சொல்வது சரியா, குழப்பிவிடுமா?

"வரி ஏறுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மாநிலப் பத்திரம் பொது நிதியிலிருந்து அடைபடும், உள்ளூர் பள்ளி மாவட்டப் பத்திரம்தான் சொத்து வரியில் ஏறும் என்று எழுதியிருக்கிறேன்.

அரசு நிதி, பத்திரத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எதற்கு ஓட்டுப் போடலாம் என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம், ப்ளீஸ்.