இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி (அண்ணன்):

மூன்று வாரங்களுக்கு முன், இரவில் மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த என் தம்பியைப் பின்னால் வந்த கார் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. காறை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதங்களுக்கு அவனால் வேலைக்குப் போக இயலாது. காரின் எண்ணை யாரும் பார்க்கவில்லை. மறுநாளே காவல்துறையிடம் புகார் கொடுத்துவிட்டோம். இடித்த வண்டியின் காப்பீட்டிலிருந்துதான் இழப்பீடு கிடைக்கும் என்று இதுவரை எண்ணியிருந்தேன். அந்த வண்டியே கிடைக்காதபோது என்ன செய்வது? தம்பியிடம் ஒரு காரும் அதற்கான காப்பீடும் உண்டு. ஆனால் விபத்து நடந்தபோது அந்தக் கார் வீட்டில்தான் நின்றது.

மறுமொழி (முன்னாள் காப்பீட்டு ஊழியர்):

தம்பி விரைவில் குணமடைய வேண்டுகிறேன். இழப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வண்டி பிடிபடட்டும் என்று காத்திருக்காதீர்கள். தம்பியின் பெயரிலும், குடும்பத்தின் பெயரிலும், அவர் வேலை செய்யும் இடத்தின் வழியாகவும் எத்தனை பாலிசிகள் உள்ளனவோ அத்தனையையும் எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் இடித்தவர் யார் என்பது தெரிய வேண்டியதில்லை. முன்னது மருத்துவமனைச் செலவை ஏற்கும். பின்னதில் தற்காலிக முழு இயலாமைக்கு வாரந்தோறும் ஒரு தொகை வழங்கும் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமான இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். இந்தப் பிரிவு தங்கள் பாலிசியில் இருப்பதையே அறியாமல், உரிய காலத்தில் கேட்காமல் விட்டவர்கள் பலரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

காரின் காப்பீடு உதவுமா என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் காப்பீடில்லாத ஓட்டுநரால் ஏற்படும் காயத்துக்கென்று தனிக் காப்பு உண்டு. அடையாளம் தெரியாமல் தப்பிய வண்டியையும் அது பொதுவாகக் காப்பீடில்லாத வண்டியாகவே கொள்ளும். அந்தக் காப்பு காரோடு நின்றுவிடுவதில்லை. பாலிசிதாரர் நடந்து சென்றாலும் மிதிவண்டியில் சென்றாலும் பெரும்பாலும் அவருக்குப் பொருந்தும். இந்தியாவின் வழக்கமான மோட்டார் பாலிசியில் இத்தகைய காப்பு இல்லை. அங்கே சொந்தச் சேதக் காப்பு காருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே என்பதால், மிதிவண்டியில் சென்ற உங்கள் தம்பிக்கு அதனால் பயனில்லை.

மறுமொழி (சட்டம் பயின்றவர்):

மேலே சொன்னவற்றோடு பொது நிதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் எந்தப் பாலிசியும் இல்லாதவருக்கு அது ஒன்றே வழி. பிரிட்டனில் 1946ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பு, காப்பீட்டு நிறுவனங்கள் செலுத்தும் பங்களிப்பிலிருந்து, கண்டுபிடிக்க முடியாத ஓட்டுநரால் காயமடைந்தவர்களுக்கு இழப்பீடு வழங்குகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இதே நோக்கத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும் என்பது விதி.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அதற்கு முந்தைய திட்டத்தில் இவை 25,000, 12,500 ரூபாய்களாக இருந்தன. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயமே. வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஓர் அறுவை சிகிச்சைக்கும் இரண்டு மாத ஊதிய இழப்புக்கும் இந்த 50,000 ரூபாய் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் போதவில்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம். பின்னாளில் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையை அதிலிருந்து திருப்பித் தர வேண்டியிருக்கும்.

மறுமொழி (முன்னாள் காப்பீட்டு ஊழியர்):

ஒன்றை விட்டுவிட்டேன். எதிர்த்தரப்பே இல்லாத உரிமைகோரலில், அப்படியொரு வண்டி உண்மையில் வந்து இடித்தது என்பதைக் காட்டும் சுமை காயமடைந்தவர் மீதே விழுகிறது. தானாகச் சறுக்கி விழுந்துவிட்டு இல்லாத வண்டியைச் சொல்பவர்களும் இருப்பதால் நிறுவனங்கள் இதில் கடுமையாக நடந்துகொள்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், தப்பிய வண்டி உடலையோ வாகனத்தையோ நேரடியாகத் தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே உண்டு. சில மாநிலங்கள் நடுநிலையான சாட்சி இருந்தால் அதைத் தளர்த்துகின்றன. எனவே புகாரின் நகல், முதல் நாள் மருத்துவக் குறிப்பு, மிதிவண்டியின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சாலையிலுள்ள கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடக்கூடும் என்பதால் அதை உடனே எழுத்து மூலம் கேளுங்கள்.

மறுமொழி (அண்ணன்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியின் அலுவலகம் எடுத்துத் தந்த குழு விபத்துக் காப்பீடு ஒன்று இருப்பது இன்றுதான் தெரிய வந்தது; நாளை காலையில் தகவல் கொடுத்துவிடுவோம். மிதிவண்டியை இன்று மாலை பழுதுபார்க்கக் கொடுப்பதாக இருந்தேன். உங்கள் மறுமொழியைப் படித்த பிறகு எடுத்துப் பார்த்தபோது, பின் மட்காப்பின் ஓரத்தில் கருநீல வண்ணம் கோடாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே மூடி வைத்துவிட்டு, காவல்துறை அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறேன்.